சின்னம்மா மாப்பிள்ளை பார்த்த துறைமுகம்

பலெர்மோ நகரத்தின் போர்கோ வெக்கியோச் சந்தையின் ஈரக்கற்களில் என்னோடு வழுக்கி விழுந்து எழும்பி வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்கிறேன். நமக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி வந்துவிட்டது. மாடியேறி முடிந்ததும் யாரும் பார்க்காதபோது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறோம். சிலருடைய வீட்டில் பெண்பிள்ளைகள் நம் உயரத்துக்கு வளர்ந்து, நம் செருப்பையே போட்டுக்கொண்டு வெளியே போகிறார்கள். ஆகவே இப்போது சொல்லலாம். அந்த ஒரு கோடையில் நான் எங்கே காணாமல்போனேன் என்று அன்று நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். "சுவீடன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினேன். பந்து அவசரம். கதைக்கு அவசரமில்லை.

எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். மீன்காரனின் பலகைக்கு நேர்மேலே, மூன்றாம் மாடி. இரண்டு அறை, ஒரு பால்கனி, கொடியில் நாலு பேரின் உடுப்பு. அப்பா, அம்மா, நான், சின்னம்மா. சின்னம்மா அம்மாவின் கடைசித் தங்கை. அப்பாவும் அம்மாவும் கைக்குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு ஊரில் எங்கள் தீவைவிட்டுப் புறப்பட்டது, சனம் இன்னும் பின்னேரங்களில் கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டிருந்த காலத்தில். சின்னம்மா வந்து சேர்ந்தது வெகு பிந்தி. இடைப்பட்ட வருடங்களில் அங்கே நடந்த போரை நாங்கள் கடிதத்தில் வாசித்தோம், தொலைபேசியில் கேட்டோம், பங்குக் கோவிலில் அதற்காகச் செபமாலை சொன்னோம். சின்னம்மா அதற்குள் இருந்தார். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த வித்தியாசம் கடைசிவரை பிடிபடவில்லை.

பிடிபடாததற்குச் சின்னம்மாவும் ஒரு காரணம். அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. பொலித்தியாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில், சிஞ்ஞோரா என்று நாங்கள் சொல்லும் ஒரு பணக்கார அம்மாவின் வீட்டில் துடைத்து, மினுக்கி, சமைத்து, பின்னேரம் உதட்டுச் சாயத்தோடு திரும்பி வருவார். தொலைக்காட்சியில் சண்டைபோடும் பெண்களைப் பார்த்தே இத்தாலியன் படித்தவர். ஆகையால் மீன்காரனோடு விலை பேசும்போதுகூட அவருடைய இத்தாலியனில் ஒரு விவாகரத்து நடந்துகொண்டிருக்கும். மீன்காரனுக்கு அது பிடிக்கும். ஒரு மத்தி கூடப் போடுவான்.

ஞாயிறுகளில் மொண்டெல்லோக் கடற்கரைக்குப் போவோம். ஞாபகம் இருக்கிறதா, அந்தப் பேருந்தின் வியர்வை, தர்ப்பூசணி, ரப்பர்ச் செருப்பு எல்லாம் சேர்ந்த வாசம்? நாமெல்லாம் தண்ணீரில் கிடப்போம். சின்னம்மா மணலில் துவாயை விரித்து, கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டு, தெருவையும் மோட்டார் சைக்கிள்களையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

"கறுத்துப்போவன் எண்டு பயம் இவளுக்கு," என்பார் அம்மா.

வெய்யில் முதுகிலும் படும் என்று அம்மாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

சம்பந்தம் சுவீடனிலிருந்து வந்தது. அம்மாவின் அண்ணன், என் மாமா, எங்கள் எல்லோருக்கும் முன்னால் கடல் கடந்தவர். சரக்குக் கப்பலில் சமையல் உதவியாளாக ஏறி, வடக்கே போய், கார்ல்ஸ்க்ரோனா என்ற துறைமுக ஊரில் இறங்கி, அங்கேயே மாமியையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டவர். அவர் தொலைபேசியில் அப்பாவோடு கதைத்தார். பெடியன் எங்கள் தீவுக்கு அடுத்த தீவு. எங்களைப்போல வேதக்காரன், கத்தோலிக்கன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. குடி இல்லை, வாய் இல்லை. அப்பா கேட்டுக்கொண்டே தலையாட்டினார். தலையாட்டியது சுவீடனுக்குத் தெரியாது என்று நினைவு வந்ததும், "ஓம் மச்சான், எங்களுக்குச் சம்மதம்," என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். சின்னம்மா அப்போது சிஞ்ஞோரா வீட்டில் பளிங்குப் படிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு படம் வந்தது. பெரிய சாம்பல் நிறக் கப்பலொன்றின் முன்னால் மெலிந்த ஒருவர் விறைப்பாக நின்றார். வீட்டில் எல்லோரும் கைமாற்றிப் பார்த்தோம். சின்னம்மாவும் வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்தார். கத்தரிக்காய் வெட்டப் போய்விட்டார்.

"என்ன பிள்ளை, ஆள் பிடிக்கேல்லையோ?" என்று அம்மா கேட்டார்.

"ஆளை எங்கை பாத்தனான்."

"நிறத்தை யோசிக்கிறாள்போலை," என்றார் அப்பா.

"நிறமில்லை, மீசை. மீசையை எடுக்கச் சொன்னா எடுப்பான்," என்றார் அம்மா.

கத்தரிக்காய் வெட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அது நின்றதும் சின்னம்மா கத்தியோடு வாசலில் வந்து நின்றார். "நேரிலை பாத்திட்டுத்தான் சொல்லுவன். அங்கை போய்."

"பொம்பிளை வெளிக்கிட்டுப் போய் மாப்பிள்ளை பாக்கிறதோ? எங்கடை ஆக்களிலை அப்பிடி ஒரு வழக்கம் இருக்கோ?"

"அப்ப அவரை இஞ்சை வரச்சொல்லுங்கோ, அத்தான்."

அவரால் வர முடியாது. சுவீடனில் அவருடைய அகதி வழக்கு முடியவில்லை. நாட்டைவிட்டு வெளியே காலெடுத்து வைக்கக்கூடாது. எங்களிடமோ இத்தாலியில் தங்கும் அனுமதியான பெர்மெஸ்ஸோ இருந்தது. மாமா அழைத்தால் விசா எடுக்கலாம். அப்பா ஒரு கிழமை முழுவதும் சின்னம்மாவோடு கதைக்கவில்லை. பிறகு விடுமுறைக்கு விண்ணப்பித்தார்.

பங்குக் கோவில் வாசலில் கதை பரவியது. "தானே போய்ப் பாக்கப்போறாளாம்" என்று ஒரு வாய், "பாத்திட்டு வேண்டாமெண்டு சொன்னா அந்தப் பெடியன்ரை கதி?" என்று இன்னொரு வாய். சின்னம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டே அவர்களுக்கு நடுவில் போய் நின்றார்.

"ஒரு சோடி சப்பாத்து வாங்க வியா மக்வேதாவிலை எத்தினை கடை ஏறி இறங்கிறம், அக்கா? போட்டுப் பாக்காமல் ஆரும் வாங்கிறவையோ?"

அதற்குப் பிறகு கோவில் வாசலில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. வீட்டில்தான் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். சின்னம்மா வேண்டாமென்றால் அப்பாவின் வாக்குப் போகும், மாமாவின் முகம் போகும், இத்தாலியில் இருக்கும் தமிழ்ச்சனத்தில் இனி ஒருவரும் இவளைக் கேட்டு வரமாட்டார்கள். ஓமென்றால் சின்னம்மா எங்களைவிட்டுப் போய்விடுவார். எனக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது. நானும் சின்னம்மாவும் ஒரே கட்டில். அவருடைய காலுக்கு நடுவில் என் காலைச் செருகினால்தான் எனக்கு நித்திரை வரும்.

சுவீடன் என்றால் பனி. இது நம் எல்லோருக்கும் தெரியும். சிஞ்ஞோரா தன் அலுமாரியின் அடியிலிருந்து, பூச்சிமருந்து வாசம் வீசும் உரோமக் கோட்டொன்றைச் சின்னம்மாவுக்குக் கொடுத்தார். அம்மா எனக்கு இரண்டு கம்பளிச்சட்டை, அப்பாவுக்குக் காதுவரை இழுத்துவிடும் தொப்பி. ஜூன் மாதம். ஆபிரிக்காவிலிருந்து வீசும் சூடான காற்றில் பலெர்மோவே வெந்துகொண்டிருந்தபோது, நாங்கள் கரடிக் குடும்பம்போல விமான நிலையத்துக்குப் போனோம். எதிர்வீட்டுக்காரி பால்கனியில் நின்று சிலுவை போட்டாள்.

ஸ்டாக்ஹோமில் இறங்கினால் சனமெல்லாம் அரைக்காற்சட்டையோடு திரிந்தது. வெளிச்சம் கண்ணில் குத்தியது. தெற்கே போகிற தொடருந்தில் உரோமக் கோட்டு சின்னம்மாவின் மடியில் ஒரு வளர்ப்பு மிருகம்போல நித்திரைகொண்டது. அடுத்த இருக்கையில் இருந்த கிழவர் அதை மெல்லத் தடவிப் பார்த்தார். அதற்கு உயிரில்லை என்று தெரிந்ததும் ஏமாந்துபோனார். அந்தக் கோட்டைத் திரும்பி வரும்போது எந்த நிலையத்தில் மறந்துவிட்டு வந்தோம் என்று இன்றுவரை வீட்டில் சண்டை. நான் சொல்கிறேன், மறக்கவில்லை. விட்டுவிட்டு வந்தோம்.

கார்ல்ஸ்க்ரோனா. வாயில் கல்லை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டிய பெயர். முன்னொரு காலத்தில் ஒரு அரசன் தன் போர்க்கப்பல்களை நிறுத்துவதற்காகவே, சின்னச் சின்னத் தீவுகளின்மேல் கோடு போட்டு எழுப்பிய ஊர். தெருக்கள் அணிவகுப்புக்கு நிற்பதுபோல நேர்நேராக நின்றன. நடுவில் பெரிய சதுக்கம், அதில் இரண்டு கோவில்கள், இடையில் காற்று. எந்தத் தெருவில் நடந்தாலும் கடைசியில் தண்ணீர் வந்து நின்றது. ஊதா நிறத்தில் கொத்துக்கொத்தாக ஒரு பூ வேலிகளுக்கு மேலாகத் தலைநீட்டி, வழியெல்லாம் வாசம் கொட்டிக்கொண்டிருந்தது. நம் ஊர்ச் சந்தையின் கூக்குரல் இல்லை, குப்பை இல்லை, ஒருவரையொருவர் பால்கனியிலிருந்து திட்டுகிற சுகம் இல்லை. ஒரு ஊர் இத்தனை அமைதியாக இருந்தால் அங்கே யாருக்கோ வருத்தம், படுத்த படுக்கை என்றுதான் நான் நினைத்தேன்.

அப்பா படியிறங்கிக் கடலில் விரலை விட்டு நக்கிப் பார்த்தார்.

"என்ன மச்சான், உப்பே இல்லை. இது கடலோ, குளமோ?"

"இஞ்சத்தைக் கடல் அப்பிடித்தான். சமைக்கலாம்," என்றார் மாமா. அந்தக் கடலைத் தானே செய்துவைத்ததுபோல ஒரு நிமிர்வு அவருக்கு. ஊர் முழுவதையும் அப்படித்தான் காட்டினார். கரையோரத்தில் ஒரு பலகை நின்றது. இது படை வலயம், அந்நியர் உள்ளே வரக்கூடாது என்று பல மொழிகளில் எழுதியிருந்தது. மாமா அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வாசிச்சுப் பாருங்கோ. தமிழிலை இருக்கோ? இல்லை. அப்ப எங்களுக்கில்லை."

மாமாவின் வீட்டுச் சன்னலிலிருந்து பார்த்தால் கூரைகளுக்கு அப்பால் கடற்படைக் கப்பல்கள் தெரிந்தன. சாம்பல் நிறம். முகமில்லாதவை. பழுதுபார்க்கும் துறையில் வரிசையாக, ஒன்றும் பேசாமல் நின்றன. சின்னம்மாவுக்குக் கட்டில் அந்தச் சன்னலுக்குக் கீழே. மரியாதைக்குரிய விருந்தாளிக்குக் காட்சியுள்ள அறை.

இரண்டாம் நாள் மாப்பிள்ளை வந்தார். படத்தில் இருந்ததைவிட மெலிவு. மீசையை எடுத்துவிட்டிருந்தார், அம்மாவின் யோசனை தொலைபேசி வழியாக அவருக்கு முன்னமே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அவரும் சின்னம்மாவும் தனியே நடக்கக் கூடாதென்பதால், நடுவில் நடப்பதற்கு என்னை அனுப்பினார்கள். கையில் ஒரு ஐஸ்கிரீமையும் கொடுத்தார்கள்.

"பலெர்மோவிலை இப்ப வெய்யிலோ?"

"ஓம்."

"இஞ்சையும் இப்ப வெய்யில். பிறகு இராது."

"ஓம்."

அவ்வளவுதான். இதற்காகவா விமானம் ஏறினோம் என்று எனக்கு வெறுத்தது. என் தலைக்கு மேலால் போன அந்த நாலு சொல்லுக்குக் காவல் எதற்கு?

மறுநாள் எல்லோருமாகச் சிவப்பு மரத்தால் கட்டிய பழைய கோவிலொன்றைப் பார்க்கப் போனோம். கடற்படைக்காரருக்கென்று கட்டியதாம். வாசலுக்குப் பக்கத்தில் மரத்தால் செய்த ஒரு தாடிக்காரர் நின்றார். கறுப்புத் தொப்பி, ஒரு கை முன்னால் நீட்டியிருந்தது. கோவில் வாசலில் மரத்தில் ஒரு ஆள் நின்றால் அவர் யார்? நம் அம்மாக்களுக்கு இதில் சந்தேகமே வராது. என் அம்மா முக்காடு போட்டார், முழந்தாளிட்டார், அந்தக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார், தன் செபமாலையை அதில் தொங்கவிட்டார். தங்கச்சி ஓம் சொல்லவேண்டுமென்று உதடு அசைய மன்றாடினார்.

மாமா மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு முடியாமல் இருமினார். "எழும்படி. அது புனிதர் இல்லை. பிச்சைக்காரன். அந்தக் காலத்திலை துறைமுகத்திலை வேலைசெய்து, வருத்தம் வந்து பிச்சையெடுத்தவனாம். தொப்பியைத் தூக்கினா உண்டியல்."

அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. மாப்பிள்ளை முன்னால் வந்து, மரக்கையிலிருந்து செபமாலையைக் கழற்றி, தூசு தட்டி, இரண்டு கையாலும் அம்மாவிடம் கொடுத்தார்.

"அதுக்கென்ன அக்கா. கையை நீட்டிக்கொண்டு நிக்கிறவர்தானே, வாங்கிவைச்சுக்கொள்ளுவார்."

சின்னம்மா அவரை ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான், ஒருமுறை.

அன்று மத்தியானம் பெரியவர்கள் குட்டித் தூக்கம் போட்டபோது சின்னம்மா கட்டிலில் எழும்பி இருந்தார். நான் பக்கத்தில் படுத்திருந்தேன்.

"வேண்டாமெண்டு சொல்லப்போறன். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

"ஆளைப் பிடிக்கேல்லையோ?"

"ஆளிலை பிழையில்லை, குஞ்சு." சன்னல் பக்கம் திரும்பாமலே கையால் அங்கே காட்டினார். "விடியக்காலமை எழும்பி, உதுகளைப் பாத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்க என்னாலை ஏலாது."

"கப்பல்தானே."

"ஓம். கப்பல்தான்."

எனக்கு உள்ளூரப் பெரிய சந்தோஷம். கட்டிலும் காலும் என்னிடமே திரும்பி வரும். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

நாங்கள் திரும்புவதற்குள் ஒரு பெரிய நாள் வந்தது. வேறு நாட்டுக் கடற்படையின் பயிற்சிக் கப்பலொன்று விருந்தாளியாக வருகிறது என்று ஊரே கடற்கரைக்குப் போனது. மாமாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "நல்ல இடம் பிடிக்கவேணும். ஒரு சாமான் காட்டுறன், வாழ்க்கையிலை மறக்கமாட்டியள்." என்ன சாமான் என்று கேட்டதற்குக் கண்ணைச் சிமிட்டினார். மாப்பிள்ளையையும் கூப்பிட்டிருந்தார். கற்கள் பாவிய கரையில், முன்வரிசையில், எங்களை நிறுத்தினார். சிறுவர்கள் தோள்களில் இருந்தார்கள். நாய்கள்கூட ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. வெள்ளையான ஒரு கப்பல் தூரத்தில் மெல்ல உள்ளே வந்தது. வெள்ளைதான், பயமில்லை என்பதுபோலச் சின்னம்மா என் கையை இலேசாகப் பிடித்திருந்தார்.

பீரங்கி வெடித்தது.

மரியாதைக் குண்டு. விருந்தாளி வந்தால் போடுகிற வணக்கம். சத்தம் முதலில் வயிற்றில் இடித்து, பிறகுதான் காதுக்கு வந்தது. என் ஐஸ்கிரீமின் உருண்டை கூம்பிலிருந்து கழன்று சப்பாத்தில் விழுந்தது. நான் குனிந்து பார்த்தேன். அதனால்தான் மற்றவர்கள் பார்க்காததைப் பார்த்தேன்.

சின்னம்மா நிலத்தில் கிடந்தார். முகம் கல்லில், முழங்கைகள் காதுகளை இறுக்கி, விரல்கள் பிடரியில் பூட்டி. எப்போது என் கையை விட்டார் என்று எனக்குத் தெரியாது. அவருக்குப் பக்கத்தில், அதேபோலக் குப்புற, மாப்பிள்ளை. ஒரு கை உடம்புக்குக் கீழே மடங்கிக் கிடந்தது. மற்றக் கை நீண்டு, சின்னம்மாவின் தலைக்குமேல் விரிந்திருந்தது. கூடைபோல.

அடுத்த குண்டு. அதற்கடுத்தது. அவசரமில்லாமல், சபைமரியாதையோடு, ஒன்று முடிந்து ஒன்று. வெள்ளைப் புகை தண்ணீர்மேல் நடந்து வந்தது. கடற்பறவைகள் கத்திக்கொண்டு சுழன்றன. ஊர் முழுவதும் நிமிர்ந்து நின்று ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருக்க, நடுவில் இரண்டு தமிழர் கல்லோடு கல்லாகக் கிடந்தார்கள்.

"எழும்புங்கோ, எழும்புங்கோ, சனம் பாக்குது," என்று மாமா குனிந்து கெஞ்சினார். "மரியாதைக்கு வெடிக்கிறது. மரியாதைக்கு."

அப்பா எங்களைத் தெரியாதவர்போலக் கப்பலைப் பார்த்தார். வெள்ளைத் தலைமயிர்க்காரி ஒருத்தி மண்டியிட்டு ஏதோ கேட்டாள். கீழே இருந்தவர்கள் தங்களுக்குள் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சுதோ?" இது சின்னம்மா.

"இன்னும் இருக்கும். பொறுங்கோ."

ஒரு குண்டு.

"எந்தப் பக்கத்தாலை வெளிக்கிட்டனீங்கள்?" இது மாப்பிள்ளை.

"கிளாலிக் கடலாலை. வள்ளத்திலை."

"நானும். எப்ப?"

"மாரி துடங்கேக்கை."

"நான் அதுக்கு முந்தி. எங்கடை வள்ளத்துக்கு முன்னாலை போனதை நேவிக் கப்பல் சுட்டது. அது வந்து சேரேல்லை."

ஒரு குண்டு.

"பிறகேன் படத்திலை கப்பலுக்கு முன்னாலை நிண்டனீங்கள்?"

"உங்கடை அண்ணைதான் நிக்கச் சொன்னவர். நான் கண்ணை மூடிக்கொண்டு நிண்டனான். நீங்கள் பாக்கேல்லையோ?"

சின்னம்மாவின் முதுகு குலுங்கியது. அழுகிறாரென்று நினைத்து அம்மா ஓடி வந்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாயில் மண்.

இப்போது எனக்குத் தெரியும். அம்மா, அப்பா, மாமா, மூன்று பேரும் பீரங்கியைத் திருவிழாவில் கேட்டவர்கள். சின்னம்மா வேறொரு பள்ளியில் படித்தவர். போர்கோ வெக்கியோவில் ஒவ்வொரு திருநாளுக்கும் நம் சந்தியில் வெடிப்பெட்டி கொளுத்துவார்களே, சுவர்ப்பூச்சு உதிருமே, நாமெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு கூத்தாடுவோமே, அப்போதெல்லாம் சின்னம்மா குளியலறையில் இருப்பார். தண்ணீர்க் குழாய் முழுவதும் திறந்திருக்கும். புனிதரின் சுரூபம் வாசலால் போகிறபோதும் தலை முழுகுகிறாள், இவளுக்குப் பக்தி கிடையாது என்று அம்மா கதவில் தட்டுவார். நானும் தட்டியிருக்கிறேன். தலைமயிர் நனையாமலே வெளியே வருவதை நாங்கள் எவரும் கவனித்ததில்லை.

திரும்பி நடந்தோம். மாமாவின் வீட்டு வாசலில் மாப்பிள்ளையை மேலே வரச்சொல்லி யாரும் கேட்கவில்லை. அவர் கீழேயே நின்றுவிட்டார்.

மேலே சபை கூடியது. பின்னேரமென்று பெயர்தான், சூரியன் வீட்டுக்குப் போக மனமில்லாத பிள்ளைபோல மேசைவரைக்கும் வந்து உட்கார்ந்திருந்தது. மாமி சோறு போட்டார். ஒருவரும் தொடவில்லை. சின்னம்மா முகம் கழுவப் போயிருந்தார்.

"நாலு சனத்துக்கு முன்னாலை நிலத்திலை விழுந்து கிடக்கிற ஆம்பிளை, ஒரு குடும்பத்தை எப்பிடித் தாங்குவான்?" என்றார் அப்பா.

"வலிப்புக்கிலிப்பு இருக்கோ தெரியாது. நான் விசாரிச்ச இடத்திலை ஒருத்தரும் சொல்லேல்லை," மாமாவின் குரல் இறங்கிப்போயிருந்தது.

"ரெண்டு பேரும் ஒண்டா விழுந்தது நல்லதுக்கில்லை. பிச்சைக்காரனிட்டைக் கேட்டா இப்பிடித்தான் கிடைக்கும்," என்றார் அம்மா. "விடுவம். அவளுக்கும் விருப்பமில்லைத்தானே. படத்தையே கவிட்டு வைச்சவள்."

"அப்ப நான் குடுத்த வாக்கு?"

"வருத்தக்காரன் எண்டா வாக்கென்ன, மச்சான். ஆரும் குறை சொல்லமாட்டினம்," என்றார் மாமா.

அப்பாவின் தோள்கள் இறங்கின. எல்லோருக்கும் ஒரு ஆறுதல். யாருடைய மானமும் போகாமல் காரியம் முடிந்துவிட்டது. அம்மா முதல் பிடி சோற்றைப் பிசைந்தார். எனக்கோ கொண்டாட்டம். சின்னம்மா வாயே திறக்காமல் அவருடைய "வேண்டாம்" அவருக்குக் கிடைத்துவிட்டது.

சின்னம்மா துவாயோடு வந்து நின்றார். நெற்றியில் சிராய்ப்பு, அதில் மஞ்சள் நிற மருந்து.

"என்னைக் கேக்கேல்லையே, அத்தான்."

"கேக்க என்ன கிடக்கு, பிள்ளை? உன்ரை விருப்பப்படிதான் முடிச்சிருக்கு. ஆள் வேண்டாம்."

"நிலத்திலை விழுந்தவர் எண்டோ? நானும்தானே விழுந்தனான்."

"நீ பொம்பிளை."

"குண்டு அதைப் பாக்கிறேல்லை." அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். குரல் உயரவில்லை. மீன்காரனோடு கதைக்கிற குரல் இல்லை இது. நான் முதல்முறை கேட்ட ஒன்று. "அத்தான், அங்கை சத்தம் கேட்டா எல்லாரும் தங்கடை தலையைத்தான் மூடுவினம். அது பிழையில்லை, கை தானாப் போகும். நானும் என்ரை தலையைத்தான் மூடினனான். வள்ளத்திலையும் அப்பிடித்தான், பக்கத்திலை இருந்த ஆக்களும் அப்பிடித்தான். இண்டைக்கு அந்த மனிசன் விழேக்கை கையைத் தன்ரை தலையிலை வைக்கேல்லை. என்ரை தலையிலை வைச்சவர்."

அம்மாவின் கை சோற்றில் அப்படியே நின்றது.

"எனக்கு அவர் சரி. ஓமெண்டு சொல்லுங்கோ."

"அப்ப உந்தக் கப்பல்?" என்று நான் கேட்டுவிட்டேன். அடக்க முடியவில்லை. "அதைப் பாத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்க ஏலாதெண்டனீங்கள்."

திறந்திருந்த அறைக்கதவு வழியாக எல்லோரும் சன்னலைப் பார்த்தார்கள். அவை அங்கேதான் நின்றன, மாலைவெய்யிலில் வெள்ளிபோல மினுங்கிக்கொண்டு. அம்மா அவற்றைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், மறுபடி அவற்றைப் பார்த்தார். இத்தனை வருடங்களில் முதல்முறையாக அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

"அப்ப நீ இஞ்சையோ இருக்கப்போறாய்? இல்லாட்டி அவன் அங்கை வருவானோ?" என்று கேட்டார் அம்மா.

"அதை நானும் அவரும் கதைச்சு முடிவெடுப்பம், அக்கா."

நானும் அவரும். மேசையில் புதிதாக யாரோ வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது.

மாமா எழும்பிப் போய், சன்னல் திரையை இழுத்து மூடினார். மாமி அலுமாரியைத் திறந்து இன்னொரு கோப்பையை எடுத்துத் துடைத்தார். அப்பா எதையும் பார்க்காமல் சோற்றைப் பார்த்து, "பாவம், விடியத் துடங்கி அவன் ஒண்டும் தின்னேல்லை," என்றார். ஒருவரும் என்னிடம் போ என்று சொல்லவில்லை. சின்னம்மா என்னைப் பார்த்தார். என் கட்டிலில் பாதியை எடுத்துக்கொண்டு போகப்போகிறவரைக் கூப்பிட்டு வர நானே எழும்பினேன்.

அவர் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். காற்சட்டை முழங்காலில் மண். உள்ளங்கையில் குத்தியிருந்த சிறு கற்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார். என் செருப்புச் சத்தம் கேட்டு அவசரமாக எழும்பினார்.

"மேலை வரட்டாம்," என்றேன்.

"ஆர் சொன்னது? கொப்பரோ?" என் அப்பாவைத்தான் அப்படிக் கேட்டார்.

"இல்லை."

"கொம்மாவோ?"

"சின்னம்மா."

அவர் சட்டையை உள்ளே செருகினார். தலைமயிரை விரல்களால் வாரினார். மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, எனக்கு வழிவிட வேண்டும் என்பதையும் மறந்து, இரண்டிரண்டு படியாக ஏறினார்.